தோட்டத்துக்கு ஒன்று, கண்மாய்க்கு ஒன்று: பறவைகளைப் படமெடுக்க எந்தக் கேமரா?

மதுரைக்குக் கிழக்கே, மேலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி வீடு கட்டிக்கொண்டு போன என் அத்தான், பணி ஓய்வுக்குப் பிறகு தோட்டத்துக்கு வரும் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் படமெடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, இரண்டு மாதமாக விலைப்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் முன் இரண்டு தேர்வுகள் மிஞ்சின. ஒன்று, லென்சைக் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் வகையைச் சேர்ந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி950. மற்றொன்று, லென்சைக் கழற்றி மாற்றக்கூடிய கேனான் ஆர்10 என்ற மிரர்லெஸ் கேமராவும் அதற்குப் பொருந்தும் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்சும். பின்னதன் மொத்த விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. முன்னது அதைவிடக் கணிசமாகக் குறைவு. “மாப்ள, அதுல 83 மடங்கு ஜூம் இருக்கு. இதுல வெறும் நாலு மடங்கு. அப்புறம் எதுக்கு இதுக்கு இவ்வளவு காசு?” என்று தொலைபேசியில் கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். 83 மடங்கு என்பது பறவை 83 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பொருள்படாது. ஒரு லென்ஸ் பிம்பத்தை எவ்வளவு பெரிதாக விழச்செய்யும் என்பதை மி.மீ.யில் காட்டும் அளவு குவியத்தொலைவு. லென்சின் மிக நீண்ட குவியத்தொலைவை மிகக் குறுகிய குவியத்தொலைவால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. பி950-இன் லென்ஸ் 4.3 மி.மீ.யில் தொடங்கி 357 மி.மீ. வரை நீள்கிறது, அவ்வளவுதான். நூறில் தொடங்கி நானூறில் முடியும் லென்சுக்கு அதே கணக்கில் நாலு மடங்குதான் வரும். ஆனால் நுனியில், அதாவது முழு ஜூமில், பார்த்தால் நானூறு மி.மீ. லென்சே நீளமானது. பி950-இல் பறவை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் வேறு: அதன் சென்சார், அதாவது பிம்பம் விழும் ஒளியுணர் தகடு, மிகச் சிறியது. ஆர்10-இன் சென்சார் 22.3 மி.மீ. அகலம், பி950-இன் சென்சார் 6.17 மி.மீ. அகலம். சிறிய படச்சட்டத்துக்குள் அதே பிம்பம் விழும்போது சட்டத்தை அது அடைத்துக்கொள்கிறது. எடையில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். பி950 ஏறத்தாழ ஒரு கிலோ, ஆர்10-உம் லென்சும் சேர்ந்து அதைவிட அறுபது கிராம் கூடுதல்.

தொலைபேசியில் இதையெல்லாம் விளக்குவதைவிட நேரில் போவது நல்லது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார்கள் பயன்படுத்தும் பதினைந்து மீட்டர் அளவுநாடாவோடு போனேன். அத்தான் வழக்கமாக உட்காரும் திண்ணையிலிருந்து நாடாவை இழுத்தோம். கறிவேப்பிலைச் செடி ஒன்றரை மீட்டர். செம்பருத்தி மூன்று மீட்டர். பறவைகளுக்காக வைத்திருந்த மண் தண்ணீர்ச் சட்டி ஆறரை மீட்டர். தேன்சிட்டுகள் பூவுக்கு வரும் முருங்கை பத்து மீட்டர். தவிட்டுக்குருவிகள் கிளறித் திரியும் வேலியோரம் பன்னிரண்டு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்மாயின் கரையில் ஏறி நின்றால், நாரைகள் நிற்கும் நடுத்தண்ணீர் நாடாவுக்குள் அடங்காது. அதைக் கரையின் மேல் அடியெடுத்து நடந்து, ஏறத்தாழ நூறு மீட்டர் என்று மதிப்பிட்டோம்.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை இந்த எண்களே. ஊதாத் தேன்சிட்டு ஏறத்தாழ பத்து செ.மீ. நீளம். முருங்கையில், பத்து மீட்டரில் அது உட்கார்ந்திருந்தால், நானூறு மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரின் மேல் நாலு மி.மீ. நீளப் பிம்பமாக விழச்செய்யும். அது ஆர்10-இன் சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பி950-இலோ அதே சிட்டு சட்டத்தின் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். கண்மாயில், நூறு மீட்டரில், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆர்10-இல் அது சட்டத்தின் உயரத்தில் கால்பங்கைச் சற்றே தாண்டும். பி950-இல் முக்கால்பங்கைத் தாண்டும். இதுவரை பார்த்தால் அத்தான் சொன்னதே சரி என்று தோன்றும்.

ஆனால் பெரிதாகத் தெரிவது ஒன்று, நுட்பமாகத் தெரிவது வேறு. ஒரே தொலைவில் இருக்கும் ஒரு பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சத்தைத் திரட்டுகிறோம் என்பது சென்சாரின் அளவைப் பொறுத்ததன்று. லென்சின் திறப்பு எத்தனை மி.மீ. விட்டம் கொண்டது என்பதைப் பொறுத்தது. குவியத்தொலைவை, லென்சுக்குக் குறிப்பிடப்படும் எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். பி950-இன் நுனியில் எஃப் 6.5, 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. ஆர்எஃப் 100-400-இன் நுனியில் எஃப் 8. 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மி.மீ. தொலைவில் இருக்கும் பறவைக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதே இதன் பொருள். பெரிய சென்சார் என்றாலே எங்கும் எப்போதும் மேல் என்று சொல்பவர்களும் தவறுகிறார்கள். ஜூம் எண்ணைப் பார்த்து மயங்குபவர்களும் தவறுகிறார்கள். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் அசையாத நாரைக்கு, விலை குறைந்த பி950 போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கிட்டத்தில் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. முழு ஜூமில் பி950-ஆல் ஐந்து மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் செய்ய முடியாது. செம்பருத்தி மூன்று மீட்டரில் இருக்கிறது. ஜூமைக் குறைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்யலாம். ஆனால் குறைக்கும்போது திறப்பின் விட்டமும் சுருங்கிவிடுகிறது, வெளிச்சமும் குறைகிறது. ஆர்எஃப் 100-400-ஓ நானூறு மி.மீ.யிலேயே ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய தொலைவில் ஃபோகஸ் செய்யும். செம்பருத்திப் பூவுக்கு வந்த தேன்சிட்டு அதில் சட்டத்தின் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசு உண்மையில் பயன்படுவது அப்போதுதான். தொண்டையில் ஊதா நிறம் வெயிலுக்குத் திரும்பும்போது பச்சையாகவும் நீலமாகவும் மாறுவது, வளைந்த அலகின் நுனியில் ஒட்டிய மகரந்தம், கண்ணில் விழுந்த வானத்தின் ஒளிப்புள்ளி எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

இன்னொரு வேறுபாடு வேகம். ஆர்10 பறவையின் கண்ணைத் தானே அடையாளம் கண்டு, பறவை தலையைத் திருப்பினாலும் விடாமல் பின்தொடரும். சூப்பர் ஜூம் கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித்தான் நிற்கும். தொடர்ந்து சில படங்கள் எடுத்தவுடன் அவற்றைச் சேமிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடைக்கு இது பெரிய குறையன்று. அதே கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துத் திரும்பும் கரிச்சானுக்கு இது பெரிய குறை. பத்து மீட்டரில் முழு ஜூமில் பி950 காட்டும் பரப்பு ஏறத்தாழ பதினேழு செ.மீ. அகலம், ஒரு சாணுக்கும் குறைவான அந்தச் சாளரத்துக்குள் கிளை மாறிக்கொண்டே இருக்கும் தையல்சிட்டைக் கொண்டுவந்து நிறுத்துவது பழகிய கைக்கே கடினம். அழுத்தியதும் பார்வை விரிந்து, விட்டதும் பழையபடி நெருங்கும் ஒரு பொத்தான் பி950-இன் பக்கவாட்டில் உண்டு. அதை வாங்குபவர்கள் முதல் வாரத்தில் விரலுக்குப் பழக்க வேண்டியது அதைத்தான்.

நான் இந்தக் குறையை அனுபவித்துத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சூப்பர் ஜூம் ஒன்றுதான் இருந்தது. ஒரு மார்கழிக் காலையில், வாசலுக்கு எதிரே ஈரமண்ணில் ஒரு கொண்டலாத்தி இறங்கியது. கொண்டையை விசிறிபோல் விரித்து மூடி, நீண்ட அலகை மண்ணுக்குள் செலுத்தி ஒரு புழுவை இழுத்தெடுத்து, மேலே தூக்கிப்போட்டு விழுங்கியது. நான்கு மீட்டர்கூட இருக்காது. கேமரா பின்னால் இருந்த வேலியையும் முன்னால் இருந்த புல்லையும் மாறிமாறித் தேடியது. பறவையின் மேல் ஒருமுறைகூட நிற்கவில்லை. கிட்டத்தில் இருந்ததாலேயே கிடைக்காமல் போன படம் அது.

கண்மாயின் கதை வேறு. அங்கே கேமராவைவிடக் காற்றே முதல் எதிரி. தண்ணீருக்கும் கரைமண்ணுக்கும் மேலே வெயில் ஏறியதும் சூடான காற்று நெளியத் தொடங்கிவிடும். கோடையில் காலை எட்டரை மணிக்கே இந்தக் கானல் தெரியும். அதன் வழியாக எடுத்த படத்தில் நாரையின் கால்கள் அலையலையாக வளைந்திருக்கும், இறகின் விளிம்பு கரைந்திருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்சானாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சூப்பர் ஜூம் வாங்கியவர்கள் படம் தெளிவாக இல்லை என்று கேமராவைக் குறைசொல்லும்போது, அவர்கள் படமெடுத்த நேரத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்குமாறு, கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்து எடுத்தால் அதே கேமரா வேறு படம் தரும்.

2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி அத்தான் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. அங்குள்ள பாறைமலைகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கின்றன. பாறையின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் வல்லூறை அடியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த லென்சும் நீளம் போதாது. அங்கே நோக்கம் அழகான படம் எடுப்பதாக இருக்க முடியாது. கன்னத்தில் இறங்கும் கறுப்புக் கோடும் வயிற்றின் நிறமும் தெரிந்து, இது இன்ன வல்லூறு என்று உறுதிசெய்யும் சான்றுப் படம் கிடைத்தால் போதும். அந்த வேலைக்குச் சூப்பர் ஜூமை மிஞ்சிய மலிவான கருவி கிடையாது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பட்டியல் பதிபவர்களுக்கும், ஐயத்துக்குரிய பறவைக்கு இத்தகைய சான்றுப் படம் மிகவும் உதவுகிறது.

இவ்விரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு தேர்வும் உண்டு: 150-600 மி.மீ. லென்ஸ். சிக்மாவும் டாம்ரானும் இதைப் பல ஆண்டுகளாக விற்கின்றன. அறுநூறு மி.மீ.யில் எஃப் 6.3 என்றால் திறப்பின் விட்டம் 95 மி.மீ.; மேலே சொன்ன இரண்டைவிட மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். கண்மாய்க்கு மட்டும் என்றால், தரத்தில் இதுவே முதலிடம். ஆனால் லென்ஸ் மட்டும் ஏறத்தாழ இரண்டு கிலோ. அறுபதைத் தாண்டியவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது. ஒற்றைக்கால் தாங்கியாவது வேண்டும். சிக்மாவின் எடை குறைந்த வகை 2.8 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் செய்வதில்லை என்பதால் ஒன்றரை மீட்டரில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியும் கைவிட்டுப் போகும். அத்தானின் முழங்கால் வலியை அறிந்த நான் இந்தத் தேர்வை அவரிடம் விரித்துச் சொல்லவே இல்லை.

அந்தக் கறிவேப்பிலைச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் மிகச் சிறந்த படங்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த புழு முதலில் காக்கை எச்சம்போலவே இருக்கும். தோல் உரித்து வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் இரண்டு கொம்புகளை நீட்டி நெடியைப் பரப்பும். கூட்டுப்புழுவின் தோல் வழியாகச் சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால், மறுநாள் காலையில் வெளிவரும் என்று எதிர்பார்க்கலாம். வெளிவந்த பூச்சி, கசங்கிய காகிதம்போன்ற சிறகு விரிந்து காயும் வரை நெடுநேரம் அசையாமல் தொங்கும். அந்த நேரத்தில் அதைப் படமெடுக்கக் கையிலிருக்கும் கைபேசியே போதும். பின்னணியில் வெயில் விழாத இலைகள் இருக்குமாறு நின்று, நம் நிழல் அதன்மேல் படாமல் பார்த்துக்கொண்டால், விலையுயர்ந்த கேமராவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க படம் கிடைக்கும். கைபேசியில் மாட்டும் மேக்ரோ கண்ணாடிகள், அதாவது மிக நெருக்கத்தில் படமெடுக்க உதவும் கண்ணாடிகள், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. புழுவின் தலையையோ முட்டையின் வடிவத்தையோ காட்ட அவை உதவும். ஆனால் அவற்றைச் சில செ.மீ. நெருக்கத்தில் பிடிக்க வேண்டும் என்பதால், ஓடக்கூடிய எதற்கும் அவை உதவா.

பூவில் உட்கார்ந்து எழும் வண்ணத்துப்பூச்சிக்கு மேக்ரோ லென்ஸ் தனியாக வாங்க வேண்டுமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆர்எஃப் 100-400 மிக நெருங்கிய நிலையில் பொருளின் உண்மை அளவில் 0.41 மடங்கு பிம்பத்தைத் தருகிறது, எட்டு செ.மீ. சிறகு விரித்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில் ஆர்10-இன் சட்டத்துக்குள் முழுதாக அடங்காது, நாம்தான் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். அதுவும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று எடுப்பதால் பூச்சி கலைவதில்லை. குதிக்கும் சிலந்தியின் கண்கள், எறும்பின் தாடை என்று அந்த அளவுக்கு இறங்குபவருக்குத்தான் உண்மை அளவில் பிம்பம் தரும் மேக்ரோ லென்ஸ் தேவை. அவர்களும்கூட முதலில் ரேநாக்ஸ் 250 போன்ற, லென்சின் முகப்பில் கவ்விக்கொள்ளும் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

இரவில் வரும் முள்ளெலிக்கும் மரநாய்க்கும் இவை எதுவும் பயன்படா. அவற்றுக்கு, அசைவை உணர்ந்து அகச்சிவப்பு ஒளியில் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை வேலியடியில் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டும். சொந்த நிலத்தில் மட்டும் கட்ட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

கேமராவுக்கு முன்பே வாங்க வேண்டியது 8×42 இருநோக்கி என்பது என் உறுதியான எண்ணம். எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்பு 42 மி.மீ.; கை லேசாக நடுங்கினாலும் காட்சி அதிகம் ஆடாது, விடியலின் மங்கலிலும் வெளிச்சம் போதும். கேமராவின் கண்துளையில் பறவையைத் தேடுபவர் பறவையின் பழக்கத்தைக் கவனிக்கத் தவறுகிறார். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பாம்போ கீரியோ இருக்கும். பட்டப்பகலில் சின்னப் பறவைகள் ஒரு மரப்பொந்தைச் சுற்றி ஆர்ப்பரித்தால் உள்ளே புள்ளி ஆந்தை இருக்கும். ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் நாம் அதன் முட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் உடனே வந்த வழியே திரும்பிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதையும் கலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. நீளமான ஜூமுக்கு ஆதரவாக நான் கண்ட மிக வலுவான வாதமும் இதுதான்: கூட்டுக்குப் பக்கத்தில் போகாமலே, தாய்ப்பறவை நம்மை அறியாமலே, குஞ்சுகளுக்கு இரை வருவதைப் பார்க்க முடிகிறது. கூட்டை மறைக்கும் இலையை ஒடித்துவிட்டுப் படமெடுப்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒடித்த இலை வழியாகக் காக்கைக்கும் அந்தக் கூடு தெரிந்துவிடுகிறது.

பழைய கேமரா வாங்கிச் செலவைக் குறைக்கலாமா என்றால், தாராளமாகக் குறைக்கலாம், ஒரு சோதனையைச் செய்துவிட்டு. லென்சின் பின்பக்கம் கைபேசியின் விளக்கை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தோல் பையில் மூடி அலமாரியில் வைத்த என் பழைய லென்ஸ் ஒன்று இரண்டே மழைக்காலத்தில் அப்படிப் போயிற்று. காற்றுப்புகா டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சில நூறு ரூபாய்தான்.

அளவுநாடாவைச் சுருட்டிவிட்டு அத்தானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வாரத்தில் எத்தனை நாள் கண்மாய்க்குப் போவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் முழங்கால் விட்டால், என்றார். அப்படியானால் ஆர்10-ஐயும் 100-400-ஐயும் வாங்குங்கள் என்றேன். கண்மாயே கதியென்று இருப்பவராக இருந்தால், அல்லது பார்த்த பறவையை அடையாளம் காண்பதே நோக்கமாக இருந்தால், பி950-ஐத்தான் சொல்லியிருப்பேன். பிறகு இருவருமாக அந்த மண் சட்டியை ஆறரை மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டருக்கு நகர்த்தினோம். பூனை பதுங்க இடமில்லாதபடி சுற்றியிருந்த புல்லை வெட்டி, தண்ணீருக்கு இறங்குமுன் பறவை உட்கார்ந்து பார்க்க ஒரு காய்ந்த வேப்பங்கிளையைச் சட்டிக்குப் பக்கத்தில் நட்டு, அதற்குப் பின்னால் செம்பருத்திப் புதரின் நிழல் விழுமாறு பார்த்துக்கொண்டோம். கேமரா வந்துசேர மேலும் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு மாம்பழச்சிட்டு அந்தக் கிளையைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. காலை ஏழே காலுக்கு வந்து, கிளையில் இரண்டு முறை திரும்பி உட்கார்ந்து, அதன் பிறகே தண்ணீருக்கு இறங்குகிறது என்று அத்தான் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார்.